வாட்ச்டாக் போட்டும் போர்டு தொங்குகிறதா?

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரின் புரோகிராமைப் போன வாரம் பார்த்தேன். ஒரு காலத்தில் நான் செய்த அதே தப்பு, வரி மாறாமல். வாட்ச்டாக் என்பது சிப்புக்குள் இருக்கும் ஒரு கவுன்டர். குறித்த நேரத்துக்குள் புரோகிராம் அதை மறுபடி நிரப்பாவிட்டால் (இதுதான் ரீலோட்), புரோகிராம் தொங்கிவிட்டது என்று போர்டை ரீசெட் செய்துவிடும். வாட்ச்டாக்கை ஆன் செய்ய மறப்பது போன்ற சில்லறைச் சமாச்சாரங்களை விட்டுவிடுகிறேன்.

டைமர் இன்டரப்டில் ரீலோட் செய்வது

ரீலோட் வரியை மெயின் லூப்பில் எங்கே வைப்பது என்று யோசிக்கச் சோம்பல். 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும் இன்டரப்டில் செருகிவிட்டால் போர்டு ரீசெட்டே ஆகாது. சரி, ஆக வேண்டிய நேரத்திலும் ஆகாதே! மெயின் லூப் நின்றுபோனாலும் டைமர் இன்டரப்ட் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கிணற்று மோட்டாரை போனில் இயக்கும் ஸ்டார்ட்டர் ஒன்று செய்தோம். எஸ்டிஎம்32எஃப்103 சிப், கூடவே ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல். கட்டளை அனுப்பிவிட்டு ‘ஓகே’ வரும்வரை வைல் லூப்பில் காத்திருக்கும்படி, டைம்அவுட் இல்லாமல் எழுதியிருந்தேன். ஒருநாள் ராத்திரி மாட்யூல் பதிலே சொல்லவில்லை. புரோகிராம் அங்கேயே நின்றது, மோட்டார் நிற்கவில்லை. தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுகிறதா (டிரை ரன்) என்று பார்க்கும் ஃபங்ஷனும் அதே மெயின் லூப்பில்தான். தோட்டக்காரர் ஆஃப் செய்யப் பலமுறை போன் போட்டிருக்கிறார். விடிவதற்குள் தண்ணீர் வற்றி, காயில் எரிந்து போனது. ரீவைண்டிங் செலவு என் தலையில். நான் போய்ப் பார்த்தபோது போர்டில் எல்இடி மட்டும் அழகாக மினுக்கிக்கொண்டிருந்தது. அதையும் அதே இன்டரப்டில்தான் வைத்திருந்தேன்!

சென்சார், மோடம், ரிலே என ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் தனக்கான ஃப்ளாகை (‘முடிந்தது’ என்ற அடையாளத்தை) வைக்கட்டும். லூப்பின் கடைசியில், எல்லா ஃப்ளாகும் இருந்தால் மட்டும் ரீலோட். அப்புறம் ஃப்ளாகுகளை அழித்துவிடுங்கள். புரோகிராம் முழுக்கத் தேடினாலும் ரீலோட் வரி ஓரிடத்தில்தான் கிடைக்க வேண்டும். காத்திருக்கும் வைல் லூப்புக்குள் ரீலோட் போடுவதும் இந்தத் தப்புக்குத் தம்பிதான்.

வாட்ச்டாக் டைம்அவுட்டை இறுக்கிப் பிடிப்பது

எஸ்டிஎம்32எஃப்103-இன் தனி வாட்ச்டாக், சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்எஸ்ஐ என்ற கிளாக்கில் ஓடுகிறது. பெயருக்கு 40 கிலோஹெர்ட்ஸ். டேட்டாஷீட்டில் 30 முதல் 60 வரை. நீங்கள் 3 செகண்ட் என்று கணக்குப் போட்டது 2 செகண்டிலேயே பாயலாம்.

ஏடிமெகா328பி-யில் ரீசெட்டுக்குப் பின்

இந்த சிப்பில், வாட்ச்டாக்கால் ரீசெட் ஆனபின்னும் வாட்ச்டாக் அணையாது. 16 மில்லிசெகண்ட் கணக்கில் ஓடும். முதல் வேலையாக, வாட்ச்டாக்கால் ரீசெட் ஆனதைக் குறிக்கும் டபிள்யூடிஆர்எஃப் பிட்டை அழித்தால்தான் அணைக்கவே விடும்.

ரீசெட் காரணத்தைப் படிக்காமல் விடுவது

எதனால் ரீசெட் ஆனது என்று சிப் குறித்து வைத்திருக்கும். அதைப் படித்துச் சேமியுங்கள்.

பிரேக்பாயின்டில் நிறுத்தினால் ரீசெட் ஆகிறதா?

டிபக்கரில் புரோகிராமை நிறுத்தும்போது வாட்ச்டாக்கையும் நிறுத்திவைக்கும் டிபக் ஃப்ரீஸ் பிட்டை ஆன் செய்யுங்கள்.