உங்கள் தெப்யுத்தே (மொரீஷியஸ் நாடாளுமன்ற உறுப்பினர்) யார், அவர் எந்தக் கமிட்டியில் இருக்கிறார் என்று பார்ப்பது எப்படி?

காவடி அன்று கோவில் வாசலில் மாலையோடு நிற்கிறாரே, அவர் நம்ம தொகுதிக்காரரா, பக்கத்துத் தொகுதிக்காரரா என்று கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறோம்.

முதலில் தொகுதி நம்பரைத் தெரிந்துகொள்ளுங்கள். மொரீஷியஸ் தீவில் 20 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர். ஸ்டான்லி, ரோஸ் ஹில் பக்கம் என்றால் 19. ரொட்ரிக்ஸ் 21, அங்கே இரண்டே பேர். ஆக மொத்தம் 62. ஓட்டுச்சீட்டில் சரியாக மூன்று பேருக்குக் குறி போட வேண்டும். எங்கள் மாமா ஒருவர் பிடித்த ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். அந்தச் சீட்டு செல்லாது என்று அவருக்குப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆனது.

62-க்கு மேல் அதிகபட்சம் 8 இடங்கள் பெஸ்ட் லூசர் முறையில் நிரப்பப்படும். தோற்றவர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்களை சமூகக் கணக்குப் பார்த்து எடுப்பார்கள். அந்தக் கணக்கு இன்னும் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் நிற்கிறது! நான்கு சமூகங்கள் உண்டு, அதில் தமிழர் என்று தனிக் கட்டம் கிடையாது, இந்து என்பதற்குள் நாமும் அடக்கம். எனக்கு இதில் கோபம் உண்டு, ஆனால் 2024 நவம்பரில் மொரீஷியஸ் தீவின் 60 இடங்களையும் ஒரே கூட்டணி அள்ளியபோது, எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலிக்கு ஆள் கிடைத்ததே இந்த வழியாகத்தான்.

சரி, கமிட்டிக்கு வருவோம். பெயர்ப்பட்டியல் நாடாளுமன்ற இணையதளத்திலேயே இருக்கிறது. நூலகக் குழு, நிலையியற் கட்டளைக் குழு எல்லாம் உள்வீட்டு வேலை, விட்டுவிடலாம். பார்க்க வேண்டியது பொதுக் கணக்குக் குழு, எல்லோரும் பி.ஏ.சி. என்பார்கள். ஒரு தலைவர், அதிகபட்சம் 9 உறுப்பினர்கள். ஆடிட் இயக்குநர் அறிக்கையில் இந்த அமைச்சகத்தில் இவ்வளவு பணம் வீண் என்று வருகிறதல்லவா, அதற்கு அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பது இவர்கள்தான். தலைவர் பதவியை எதிர்க்கட்சிக்கு விடுவது வழக்கம், ஆளுங்கட்சியே தன் கணக்கைத் தானே பார்த்தால் என்ன லட்சணத்தில் இருக்கும்?

உங்கள் மூவரில் ஒருவர் அதில் இருந்தால், ஆடிட் அறிக்கை வந்ததும் உங்கள் ஊர் சம்பந்தப்பட்ட பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். யாரும் இல்லையென்றால், தெப்யுத்தேக்கள் அமைச்சர்களிடம் கேள்வி கேட்கும் கேள்வி நேரம் இருக்கிறது. சபை பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை கூடும், 2017-லிருந்து நேரலையும் உண்டு. "ரோடு சரியில்லை" என்று புலம்பினால் கேள்வியாகாது. எந்தத் தெரு, எந்த வாய்க்கால், எப்போது ஒப்பந்தம் கொடுத்தார்கள் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதுங்கள், சபையில் பேச அனுமதி அந்த இரண்டுக்குத்தான். அப்புறம் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். அமைச்சர் சொல்லும் பதில் ஹன்சார்டில், அதாவது சபைப் பேச்சுகளின் பதிவேட்டில், அச்சாகும், அடுத்த காவடிக்கு உங்கள் தெப்யுத்தே வரும்போது அந்தப் பக்கம் உங்கள் கையில் இருக்கட்டும்.