துணை ஓர் ஊரில், படிப்பு எந்த ஊரில்? கல்லூரி தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணவருக்குப் பெங்களூருவில் கம்பெனி வேலை. அல்லது நிச்சயமான பெண் சென்னையில் இருக்கிறார். இப்படி இருக்கையில் எம்.எஸ்சி., பி.எட்., பிஎச்.டி. என்று சேரப்போகும் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, உள்ளூர்க் கல்லூரி; எம்.எஸ்சி., பிஎச்.டி. என்றால் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அரசுக் கல்லூரி அல்லது அதன் பைசுஹள்ளி முதுநிலை விரிவாக்க மையம். மற்றொன்று, துணை இருக்கும் ஊரிலோ அதற்குப் பக்கத்திலோ ஒரு பல்கலைக்கழகம். பெரும்பாலானோர் தூரத்தை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: நான்கு செமஸ்டர் முடியும்வரை துணை அந்த ஊரில் இருப்பாரா?

அவர் ஊரை நம்பிச் சேர்வது

தனியார் கம்பெனி, வங்கி, ராணுவம் என எந்த வேலையானாலும் இரண்டு ஆண்டுக்குள் ஊர் மாறலாம். ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, டிரான்ஸ்ஃபர் எப்போது வரும், வேறு கம்பெனிக்குத் தாவும் எண்ணம் இருக்கிறதா என்பதையெல்லாம் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். "ஆறு மாதத்தில் அவர் ஹைதராபாத் போனாலும் நான் இங்கேயே இருந்து முடிப்பேன்" என்று சொல்ல முடிகிற கல்லூரியில் மட்டும் சேருங்கள். முடியாதென்றால் உள்ளூரே மேல்.

"அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்ற நினைப்பு

பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம் மாற, இரண்டு பக்கமும் தடையில்லாச் சான்று வேண்டும், அங்கே காலியிடம் இருக்க வேண்டும், படித்த தாள்கள் அவர்கள் பாடத்திட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமே வேறாக இருக்கும். விடுபட்ட தாள்களைத் தனியாக எழுதச் சொல்வார்கள். இரண்டே ஆண்டுப் படிப்பில் இந்தக் காகிதங்கள் நகர்ந்து முடிவதற்குள் பாதிப் படிப்பு போய்விடும்.

பிஎச்.டி.யில் மட்டும் பெண்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி, திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறும் ஆய்வு மாணவி, தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் அந்த ஆய்வு, பழைய நிறுவனத்துக்கோ நெறியாளருக்கோ நிதி அமைப்பு ஒதுக்கிய திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. ஆகவே புராஜெக்ட் உதவித்தொகையில் சேரும் முன் இதை நெறியாளரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு அவகாசமும், 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் அதே விதிகளில் உள்ளன.

கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறுவது

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கி.மீ. இரண்டு மணி நேரம் என்று மேப் சொல்லும். வெள்ளி மாலை ஒயிட்ஃபீல்டில் கிளம்பி சில்க் போர்டு, அத்திப்பள்ளி, ஓசூர் தாண்டி வருபவருக்கு அது நான்கு மணி நேரம்கூட ஆகும். கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையமே கிடையாது, எல்லாம் பஸ்தான். தர்மபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாகப் பெங்களூரு ரயில் உண்டு. சென்னைக்குப் போக மொரப்பூர் போய் ஏற வேண்டும், அங்கும் எல்லா ரயிலும் நிற்பதில்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. பொங்கல், தீபாவளிக்குத் திறந்த அன்றே போடாவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

பயணம் கடைசியில் கைவைப்பது வருகைப் பதிவேட்டில். ஒரு செமஸ்டரில் 90 வேலை நாள், 75 சதவீத வருகை கட்டாயம் என்று வையுங்கள். அதிகபட்சம் 22 நாள் விடலாம். வாரம் ஐந்து நாள் வகுப்பென்றால் அது 18 வாரம். ஒவ்வொரு வாரமும் வெள்ளி பிற்பகலும் திங்கள் முற்பகலும் போனால் வாரத்துக்கு ஒரு நாள், 18 வாரத்தில் 18 நாள். மீதி நான்கு நாளில்தான் காய்ச்சல், வீட்டு விசேஷம், மாரியம்மன் பண்டிகை எல்லாம்.

பாடவாரியாக வருகை கணக்கிடும் கல்லூரியில் இன்னும் சிக்கல். வாரம் நான்கு மணி நேரமுள்ள பாடத்துக்குத் திங்கள் முதல் மணி ஒன்று இருந்து, அதைத் தொடர்ந்து விட்டால் வருகை சரியாக 75-இல் நிற்கும். அப்புறம் ஒரு நாள் காய்ச்சல் வந்தாலும் கீழே போய்விடும். மூன்று மணி நேரப் பாடமென்றால் 66தான். பல பல்கலைக்கழகங்களில் 65 முதல் 75 வரை மருத்துவச் சான்றும் கட்டணமும் வாங்கிக்கொண்டு தேர்வெழுத விடுவார்கள். ஒரு முறை சரி, எல்லா செமஸ்டரிலும் அதையே நம்ப முடியாது. எனவே சேரும் முன் சீனியரிடம் முந்தைய செமஸ்டர் டைம்டேபிளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சனிக்கிழமை வகுப்பு உண்டா, டெஸ்ட் எந்தக் கிழமை என்பது பிராஸ்பெக்டஸில் இருக்காது.

பி.எட். இன்னும் கறார். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ. விதிப்படி வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். பயிற்சிக் காலத்தில் வாராவாரம் ஊருக்குப் போகும் திட்டமே வேண்டாம்.

மாநிலம் தாண்டும்போது எதை இழக்கிறோம் என்று பார்க்காதது

தமிழ்நாட்டுச் சாதிச் சான்று கர்நாடக மாநில ஒதுக்கீட்டில் செல்லாது. முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகையும் தமிழக அரசின் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்பு சேர்ந்தால்தான். புதுச்சேரி, திருவாரூர் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு ஓ.பி.சி. சான்றை மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும்.

அரசு வேலை கனவு இருப்பவர்கள் இன்னொன்றையும் எடைபோட வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு, 2020 திருத்தத்துக்குப் பின், ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய கல்வித்தகுதி வரை தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும். முதுகலை ஆசிரியர் பணிக்குக் குறிவைப்பவர் எம்.ஏ.வை மட்டும் பெங்களூருவில் ஆங்கிலவழியில் முடித்தால், அதுவரை சேர்த்துவைத்த தகுதி அந்தப் பணிக்கு உதவாது. வெளிமாநிலப் பட்டத்தின் பெயர் வேறாக இருந்தால் அது இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை உண்டா என்பதையும் முதலிலேயே பாருங்கள்.

இனிஷியலில் அவசரப்படுவது

கல்யாணம் ஆனதும் ஆதாரில் கணவர் இனிஷியலுக்கு மாற்றிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் இருப்பதோ அப்பா இனிஷியல். பெயர் பொருந்தாமல் சேர்க்கையிலும் உதவித்தொகையிலும் இழுபறியாகும். படிப்பு முடியும்வரை ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் மதிப்பெண் சான்றில் உள்ளபடியே இருக்கட்டும்.

விடுதியில் சேர்ந்தால், பார்வையாளர் பட்டியலில் துணையின் பெயரையும் போட்டோவையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். திருமணமானவர்களைச் சில விடுதிகள் சேர்ப்பதில்லை, போன் செய்தே கேட்டுவிடலாம்.

இரண்டு இடத்தில் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பது

யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் முன்போ விலகினால் முழுக் கட்டணமும் திரும்பும், நடைமுறைச் செலவாக அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை பிடிக்கலாம். அதற்குப் பின், கடைசித் தேதிக்கு முன் 90 சதவீதம், தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதற்கப்புறம் ஒன்றும் கிடையாது. அசல் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்து வைக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. விலகுவதை வாயால் சொல்லாமல் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். எத்தனை சதவீதம் என்பதை முடிவு செய்வது அந்தக் கடிதத்தின் தேதிதான்.