பழைய டிசைனர் உடை அசல்தானா? லேபிளைக் கடைசியில் பாருங்கள்

பழைய உடை ஒன்று கைக்கு வந்தால் எல்லோருடைய விரலும் நேராகக் கழுத்தின் உள்பக்கத்துக்குத்தான் போகிறது. யார் பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் உடையைப் பார்க்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். ஒரு ஜாக்கெட் அந்தப் பழக்கத்தை நிறுத்தியது.

காலர் இல்லாத ஜாக்கெட். முடிச்சு முடிச்சான கம்பளி நெசவு, ஓரமெல்லாம் பின்னல் கரை. லேபிளில் ஷனேல் என்று, பாரிஸின் பெயர்பெற்ற டிசைனர் நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஷனேல் ஜாக்கெட் தூக்கிக்கொள்ளாமல் நேராக விழுவதற்காகக் கீழ் ஓரத்தின் உள்ளே ஒரு சங்கிலி வைத்துத் தைப்பார்கள் என்று படித்திருந்தேன். இதிலும் சங்கிலி இருந்தது. அதைப் பார்த்ததும் மற்றது எதுவும் என் கண்ணில் படவில்லை. விற்றவரின் பேச்சும் தேனாக இருந்தது. வாங்கி வந்த மூன்றாம் நாள், பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் விரித்தபோதுதான் லைனிங்கில் ஒரு கட்டம் தெரிந்தது. லைனிங் எங்கும் லேசாக மங்கியிருக்க, லேபிளைச் சுற்றி அரை விரல் அகலத்துக்கு மட்டும் பழைய நிறம் அப்படியே இருந்தது. அந்தக் கட்டத்தின் விளிம்பில் வரிசையாக ஊசித் துளைகள். அங்கே முன்பு இருந்தது வேறொரு லேபிள், இதைவிடப் பெரியது.

நாலு பக்கம் ஊசி போட்டால் லேபிள் இடம் மாறிவிடும். ஒரு உடையின் அத்தனை தையலையும் பிரித்து வேறு மாதிரி தைக்க எந்த ஏமாற்றுக்காரனும் மெனக்கெட மாட்டான். அதனால் இப்போது நான் பார்க்கும் வரிசை இது: உள்புறத் தையல், பிறகு ஜிப்பும் பட்டனும், பிறகு துணி, எல்லாம் முடிந்த பிறகு லேபிள். தேவைப்படுவது பகல் வெளிச்சம், பூதக்கண்ணாடி, சின்னக் காந்தம், குறித்துக்கொள்ள ஒரு தாள். குழல் விளக்கு வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். மாற்றிப் போட்ட நூலின் நிறம் அதில் தெரியாது.

உடையை உள்புறம் வெளியே வரும்படி முழுதாகப் புரட்டி மேசையில் விரியுங்கள். முதல் கேள்வி, இணைப்புத் தையலுக்கு அப்பால் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பது. ஒருவருக்கென்று அளவெடுத்துப் பாரிஸ் பட்டறையில் தைத்த கூட்யூர் உடையில் அது தாராளமாக இருக்கும். உடம்பு மாறினால் பிரித்துவிட வேண்டுமே. அந்த விளிம்பு நூல் பிரியாமல் இருக்கக் கையாலேயே சுற்றித் தைத்திருப்பார்கள். இடுப்புக்கு நேராக உள்ளே ஒரு கெட்டியான ரிப்பன் பட்டை, தனிக் கொக்கியோடு, ஓரிரு இடங்களில் மட்டும் உடையோடு பிடித்துத் தைக்கப்பட்டிருக்கும். உடையின் எடையைத் தோளில் தொங்கவிடாமல் இடுப்பில் நிறுத்துவது அந்தப் பட்டைதான். வெளியே யாருக்கும் தெரியாத இந்தப் பட்டையைப் போலி செய்கிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

காஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினில் முதலில் தையல் போட்டு, பிறகு நடுவில் வெட்டுவார்கள். எனவே வெட்டின் உள்ளே துணியின் நூல்கள் பிசிறாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கையால் போடும்போது முதலில் வெட்டிவிட்டு அந்த விளிம்பையே நூலால் மூடுவதால் உள்ளே பிசிறு இராது. ஓரம் நெடுகச் சின்னச் சின்ன முடிச்சுகள், ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசத்தோடு. பூதக்கண்ணாடி வைத்து ஒரு நிமிடம் பார்த்தால் போதும். பிறகு கட்டமோ கோடோ போட்ட துணியாக இருந்தால் கையும் உடலும் சேரும் இடத்தில், பையின் மூடியில், முதுகின் நடுவில் கோடுகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பாருங்கள். சேரவைக்க நிறையத் துணி வீணாகும், மலிவாகத் தைப்பவர்கள் அதற்குத் துணிய மாட்டார்கள். என் ஜாக்கெட்டில் கைக்குழி அருகே கோடுகள் ஒரு சுண்டுவிரல் அளவு விலகி நின்றன. கூட்யூர் ஷனேல் ஜாக்கெட்டில் லைனிங்கையும் கம்பளியையும் சேர்த்து நெடுக்கு வரிகளாகத் தைத்திருப்பார்கள். இதில் லைனிங் தனியாகத் தொங்கியது. சங்கிலி காந்தத்தில் ஒட்டிக்கொண்டது, அதாவது முலாம் பூசிய இரும்பு.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. கையால் தைத்திருந்தால் உயர்ந்தது, மெஷினில் தைத்திருந்தால் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டில் ஆசையாகத் தைத்த உடையிலும் கைத்தையல் நிறைய இருக்கும். அதேபோல் 1966 செப்டம்பரில் இவ் சான் லோரான் பாரிஸில் திறந்த ‘ரீவ் கோஷ்’ கடை ரெடிமேட் உடைக்கென்றே திறந்தது. அந்த உடையில் கூட்யூரின் இடுப்புப் பட்டையைத் தேடிக் காணாமல் போலி என்று ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். எந்தத் தரத்து உடை என்று அது சொல்லிக்கொள்கிறதோ, அந்தத் தரத்துக்கு உள்ளே பொருந்துகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது வயது. ஒரு உடை அதன் பாகங்களில் மிகப் புதியது எதுவோ அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. இந்த ஒரு கணக்கே பாதிப் போலிகளை வெளியே தள்ளிவிடும். 1940களின் கவுன் என்று சொல்லப்படுவதில் நைலான் சுருள் ஜிப் இருந்தால் நிறுத்துங்கள். அது பரவலானது 1960களில். லைக்ரா வகை நீட்சி இழை உருவாக்கப்பட்டதே 1958இல். கம்பளித் துணிக்கான, நூல் உருண்டை போன்ற வுல்மார்க் முத்திரை 1964இல் வந்தது. அமெரிக்காவில் விற்ற உடை என்றால் இழைகளின் சதவீதம் எழுதிய லேபிள் 1960 முதலும், துவைக்கும் முறையைச் சொல்லும் நிரந்தர லேபிள் 1972 முதலும் சட்டப்படி கட்டாயம். அங்கே தொழிற்சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்கள் தைத்த பெண்கள் உடையில் ஐ.எல்.ஜி.டபிள்யூ.யூ. என்ற பெண்கள் உடைத் தொழிலாளர் சங்கத்தின் சின்ன லேபிள் இருக்கும். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் கலந்த வடிவம் 1974க்குப் பிந்தையது. 1995இல் அந்தச் சங்கம் இன்னொன்றோடு இணைந்து பெயர் மாறியதால் அதற்குப் பிறகு கிடையாது. ‘மேற்கு ஜெர்மனியில் தயாரித்தது’ என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ஆர்.என். என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருந்தால் அது அமெரிக்க வணிக நிறுவனம் ஒன்றின் பதிவு எண். அரசின் பட்டியலில் இலவசமாகத் தேடி யாருடையது என்று தெரிந்துகொள்ளலாம். டிசைனரின் பெயர் ஒன்றாகவும் எண்ணுக்குரிய நிறுவனம் வேறாகவும் வந்தால், உரிமம் வாங்கித் தைத்தவர் யார் என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டையும் உண்டு: பழுது பார்த்தல். ஜிப் தேயும், மாற்றுவார்கள். மாற்றிய ஜிப்பின் ஓரத்தில் பழைய ஊசித் துளைகள் இரண்டாம் வரிசையாக இருக்கும், நூலின் நிறமும் சற்று மாறும். அப்படி இருந்தால் ஜிப்பைக் கணக்கில் சேர்க்காமல் மற்ற பாகங்களிடம் கேளுங்கள். ஜிப்பின் இழுப்பானில் இருக்கும் பெயரும் பேசும். டாலன் அமெரிக்காவில், லைட்னிங் பிரிட்டனில், எக்லேர் பிரான்சில், லாம்போ இத்தாலியில். பாரிஸில் தைத்ததாகச் சொல்லும் 1950களின் உடையில் எக்லேர் இருந்தால் மனம் கொஞ்சம் இறங்கிவரும். டாலன் இருந்தால், பாரிஸ் மாதிரியை அனுமதியோடு வாங்கி அமெரிக்காவில் தைத்த பிரதியாக இருக்கலாம். அப்படிப்பட்ட பிரதிகள் அந்தக் காலத்தில் நேர்மையான வியாபாரம். அவற்றைப் போலிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இழை எது என்று அறிய, உள்ளே விட்ட துணியிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாசனையும் விரலில் பொடியாகும் சாம்பலும் என்றால் பட்டு அல்லது கம்பளி. காகிதம் எரியும் வாசனை என்றால் பருத்தி அல்லது ரேயான். உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் செயற்கை இழை. உங்களுக்குச் சொந்தமான உடையில் மட்டும் செய்யுங்கள். புற ஊதா விளக்கை எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. புது நூல் ஒளிர்வது உண்மைதான், ஆனால் வெண்மையூட்டி கலந்த சோப்புத்தூளில் ஒரு முறை துவைத்தால் பழைய பருத்தியும் ஒளிரும்.

சில டிசைனர்கள் துணியிலேயே தங்கள் அடையாளத்தை விட்டுச் சென்றிருக்கிறார்கள். எமிலியோ புச்சியின் அச்சுத் துணியில் கோலங்களுக்கிடையே ‘எமிலியோ’ என்ற கையெழுத்து சின்னதாக ஒளிந்திருக்கும், குடும்பப் பெயர் இல்லாமல் முதல் பெயர் மட்டும். எர்மேஸின் சதுரப் பட்டு ஸ்கார்ஃபின் ஓரத்தைக் கையால் உருட்டித் தைப்பார்கள், அதுவும் நல்ல பக்கத்தை நோக்கி. பின்பக்கமாக மடிந்து இஸ்திரி போட்டதுபோல் தட்டையாக இருந்தால் அதை அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மரியானோ ஃபோர்ச்சூனியின் டெல்ஃபோஸ் கவுன்களில் மயிரிழை மடிப்புகள் கொண்ட பட்டும், பக்கவாட்டுக் கயிற்றில் கோத்த வெனிஸ் கண்ணாடி மணிகளும்தான் அடையாளம். மணிகள் அழகுக்கு மட்டுமல்ல, அந்த இலேசான பட்டுத் துணிக்கு எடை கொடுத்துக் கீழே இழுத்து நிறுத்தவும்தான். அந்தக் கவுனைத் தொங்கவிட மாட்டார்கள். முறுக்கிச் சுருட்டி வட்டப் பெட்டியில் வைப்பார்கள். விற்பவர் அதை ஹேங்கரில் மாட்டி வைத்திருந்தால் போலி என்று அர்த்தமில்லை, ஆனால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இப்போது லேபிளுக்கு வரலாம். எழுத்துகள் நெய்தவையா அச்சிட்டவையா, எந்த நூலால், எத்தனை பக்கம் தைத்திருக்கிறது, அந்த நூலும் லைனிங் தைத்த நூலும் ஒரே வயதா என்று பாருங்கள். லைனிங்கை உடையில் பொருத்துவதற்கு முன்பே அதில் லேபிள் தைத்திருந்தால் தையல் லைனிங்கோடு நின்றுவிடும். பிற்காலத்தில் வைத்துத் தைத்தால் தையல் பெரும்பாலும் அடித்துணி வரை துளைத்திருக்கும். டியோர் கூட்யூர் லேபிளில் பருவமும் ஆண்டும் நெய்திருக்கும், எண் ஒன்றும் இருக்கும். பாரிஸ் டிசைனர் மதலேன் வியோனே தன் கட்டைவிரல் ரேகையையே லேபிளில் பதித்தார். திருட்டுப் பிரதிகளோடு அவருக்கு அவ்வளவு போராட்டம்.

பெயர் மாற்றங்களைத் தெரிந்துவைத்திருந்தால் இரண்டு பக்கமும் ஏமாறாமல் இருக்கலாம். ‘பர்பெரிஸ்’ என்று கடைசியில் ‘ஸ்’ இருக்கும் மழைக்கோட்டை எழுத்துப் பிழையுள்ள போலி என்று நினைத்துக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். இன்றைய பர்பெரி நிறுவனத்தின் பெயரே 1999 வரை அதுதான். ‘சான் லோரான் ரீவ் கோஷ்’ லேபிளில் ‘இவ்’ இல்லாததைக் கண்டு, 2012இல் நிறுவனம் பெயரைச் சுருக்கிய பிறகு வந்தது என்று நினைப்பார்கள். 1966 முதலே அந்த வரிசையின் லேபிள் அப்படித்தான். மறுபுறம், பியர் கார்டான் தன் பெயரை நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு உரிமம் கொடுத்தார். அமெரிக்க டிசைனர் ஹால்ஸ்டன் 1980களில் ஒரு பெரிய அமெரிக்கக் கடைத் தொடருக்காக ‘ஹால்ஸ்டன் III’ என்ற மலிவு வரிசையைச் செய்தார். இவற்றின் லேபிள்கள் அசல். ஆனால் அவற்றைக் கூட்யூர் என்று சொல்லி விற்பவர் பொய் சொல்கிறார். பழைய அளவு எண்ணை மட்டும் நம்பவே வேண்டாம், நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள்.

படத்தை மட்டும் பார்த்து வாங்குவதானால் முன்பக்கப் படம் எனக்கு வேண்டியதே இல்லை. கேட்பது நான்கு: புரட்டிய கைக்குழி, ஜிப்பின் இழுப்பான், கீழ் ஓரத்தின் உள்பக்கம், லேபிளின் நான்கு மூலைகளும் தெரியும் நெருக்கப் படம். அனுப்பத் தயங்குகிறவரிடம் நான் காரணம் கேட்பதில்லை.

அந்த ஜாக்கெட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, குளிருக்கு நன்றாகவே இருக்கிறது. லேபிளை மட்டும் பிரித்து, மற்ற லேபிள்களோடு பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். நெசவு, எழுத்தின் அகலம், விளிம்பின் மடிப்பு, எல்லாம் பொருந்தின. லேபிள் அசல். கிழிந்துபோன ஏதோவொரு நல்ல உடையிலிருந்து வெட்டியது. இப்போது ஊசிப் பெட்டியின் மூடிக்குள் குத்தி வைத்திருக்கிறேன். அடுத்து ஒரு ஷனேல் வந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு.