அக்லோனிமா வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

கொழும்பில் அக்லோனிமா என்ற அலங்கார இலைச்செடி தண்ணீர் இல்லாமல் சாவது குறைவு. தண்ணீர் கூடித்தான் சாகிறது.

போன வருடம் வைகாசி மழையோடு, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிப் பல்கனியில் நின்ற சிவப்பு அக்லோனிமா இலைகளைத் தொங்கப் போட்டது. தாகம் என்று நினைத்து இரண்டு நாள் கூடுதலாக ஊற்றினேன். அப்புறம் சாடியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் கபில நிறம். ஒன்றை விரலால் இழுத்தேன். தோல் வழுக்கிக் கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால்தான் மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடுகிறது. தாகத்தால் வாடுவதும் வேர் அழுகி வாடுவதும் பார்வைக்கு ஒன்றுதான். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

அழுகிவிட்டதா? எறிந்துவிடாதீர்கள். தண்டில் உறுதியாக உள்ள பகுதியை இரண்டு மூன்று கணுக்களோடு வெட்டி, ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். சில வாரங்களில் வேர் பிடிக்கும். என் செடி அப்படித்தான் பிழைத்தது. வெட்டும்போது சாறு தோலில் பட்டால் அரிக்கும். இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரியும். செடிக்குள் இருக்கும் கால்சியம் ஒக்சலேற்று என்ற உப்பின் நுண்ணிய ஊசிப் படிகங்கள்தான் காரணம். தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் செடியை எட்டாத உயரத்தில் வைப்பது கட்டாயம்.

சிறிய செடியைப் பெரிய சாடியில் நடுவதும் இதே தவறின் இன்னொரு முகம். வேர் போய்ச் சேராத மண்ணில் ஈரம் தேங்கி நிற்கும். பழைய சாடியை விட ஓரிரு அங்குலம் அகலம் கூடினால் போதும். தும்புத்தூளை மட்டும் நிரப்பாமல், அதை நன்றாகக் கழுவி, மணலும் கரித்துண்டும் கூட்டெருவும் கலந்து நடுங்கள். சாடிக்குக் கீழே தட்டு வைத்தால் தேங்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். வேருக்காக மட்டும் சொல்லவில்லை, டெங்கு நுளம்பு முட்டையிடுவதும் அங்கேதான்.

வெளிச்சத்திலும் பலர் தவறுகிறார்கள். நேர் வெயில் பட்டால் இலை வெளிறிக் கருகும். அதற்குப் பயந்து இருட்டு மூலையில் வைத்தால் சிவப்பு மங்கி, காம்பு நீண்டு, மண்ணும் காயாது. கடும் பச்சை இலை வகைகள் குறைந்த வெளிச்சத்தைத் தாங்கும். சிவப்பு வகைகளுக்கு யன்னலோர வெளிச்சம் வேண்டும். ஏசிக் காற்று நேரே படும் இடம் எதற்குமே ஆகாது. கடற்கரைப் பக்கத்து வீடென்றால் உப்புக் காற்று இலையில் படியும். வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடையுங்கள். துடைக்கும்போது இலைக்காம்பின் இடுக்கையும் பாருங்கள், மாவுப்பூச்சி முதலில் ஒளிவது அந்த இடத்தில்தான்.