தேவாலயத்தில் சிறு கொயர் (பாடகர் குழு) கச்சேரி: கட்டடத்தைக் கேட்டுப் பாடுவது எப்படி?

பாட்டுப் பட்டியலில் கைவைக்கும் முன் ஆலயத்தின் நடுவில் நின்று ஓங்கி ஒருமுறை கைதட்டுங்கள். ஓசை முழுதாக அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கல்சுவரும் உயர்ந்த வளைகூரையும் இருந்தால் இந்த எதிர்முழக்கம் 3, 4 நொடி நீளும். தாழ்ந்த மரக்கூரை என்றால் ஒன்றரை நொடியில் அடங்கிவிடலாம். இனி எடுக்கும் முடிவுகளில் பாதி இந்த எண்ணைப் பொறுத்தவை.

4 நொடிக் கட்டடத்தில் வேகமான ஸ்வர ஓட்டங்கள் சேறாகிவிடும்; முந்தைய ஸ்வரம் கரைவதற்குள் அடுத்த நான்கு அதன்மேல் விழுகின்றன. அங்கே மெதுவாக நகரும் இசைதான் எடுபடும். 1585 முதல் இத்தாலியின் வெனிஸ் நகரில் சான் மார்க்கோ ஆலயத்தில் ஆர்கன் (காற்றால் ஒலிக்கும் பெரிய குழாய்க் கருவி) வாசித்த ஜொவான்னி காப்ரியேலி, பிரிந்து நிற்கும் குழுக்கள் மாறிமாறிப் பாடும்படி எழுதியவர். ஒரு குழுவின் ஓசை கரைவதற்கு அந்த முறை இடம் விடுகிறது. வேகமான பாட்டு ஒன்றை விட மனமில்லையா? பத்தில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்து, ஸ்வரங்களைத் துண்டுதுண்டாகப் பாட வையுங்கள். கச்சேரிக்கு மொத்தம் 50, 60 நிமிடப் பாட்டு போதும். மர பெஞ்சில் அதற்குமேல் யாரும் நிம்மதியாக உட்கார மாட்டார்கள்.

அனுமதியை வாய்மொழியாக விடாதீர்கள். கத்தோலிக்க ஆலயங்களுக்கு வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் 1987 நவம்பரில் ஒரு கடிதத்தில் நெறிகள் தந்தது: எழுத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும், நுழைவு இலவசம், பீடப் பகுதியைப் பாடகர்கள் தவிர்க்க வேண்டும், நற்கருணை எனும் அர்ச்சித்த அப்பத்தைப் பக்கச் சிற்றாலயத்துக்கோ வேறு தகுந்த இடத்துக்கோ மாற்ற வேண்டும். மற்ற சபைகளில் விதி வேறு, போதகரிடம் கேளுங்கள். கடிகார மணி எப்போது அடிக்கும், அதை நிறுத்த முடியுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மெல்லிய பாட்டின் நடுவே எட்டு முறை மணி அடித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பீடத்துக்குப் பின்னுள்ள குழிவில் நின்றால் பாட்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். வளைவைத் தாண்டி ஒன்றிரண்டு மீட்டர் முன்னே வாருங்கள். 16 பேர் என்றால் எட்டெட்டாக இரண்டு அரைவட்ட வரிசை, பின்வரிசைக்கு 20 முதல் 30 செ.மீ. உயர மேடை. முழங்கையை விரித்தால் பக்கத்து ஆள்மேல் படாத இடைவெளி வேண்டும். நெருங்கி நின்றால் தன் குரல் தனக்கே கேட்காமல் எல்லோரும் கத்துவார்கள். சோப்ரானோவுக்கு (பெண்களின் மேல்குரல்) பின்னால் பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) நிற்பது நல்லது. மேல்குரல் சுருதி பிடிப்பது கீழ்க்குரலைக் கேட்டுத்தான்.

மெய்யெழுத்துகளில் தனிக் கவனம் வேண்டும். 'சாங்க்துஸ்' (லத்தீனில் 'பரிசுத்தர்') என்ற சொல்லின் கடைசி 'ஸ்'ஸை எல்லோரும் சொன்னால் பாம்புப் புற்றுதான். ஒவ்வொரு குரல் பிரிவிலும் ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்கள் உயிரொலியோடு நிறுத்தட்டும். 'ஆமென்' இதற்கு நேர்மாறு. 'மெ'யைத் திறந்தே பிடித்திருந்து, நடத்துனர் விரல் மடங்கும்போது அத்தனை பேரும் சேர்ந்து 'ன்'னில் மூட வேண்டும். ஒருவர் முந்தினாலும் கூரை அதைக் காட்டிக்கொடுக்கும்.

துணைக்கருவி இல்லாத பாட்டில் சுருதி இறங்குவது வழக்கமான நோய். இறங்கும் ஸ்வரங்களைத் தேவைக்கு அதிகமாக இறக்குவதும், ஏறும்போது போதாமல் ஏறுவதும், ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும்போது சோர்வதும்தான் காரணம். எந்த வரியில் இறங்குகிறது என்று சரியான சுருதி தரும் இசைக்கவையை வைத்துக் கண்டுபிடியுங்கள். 'கவனம்' என்று பொதுவாகச் சொல்வது வீண். அரைச்சுரம் (பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி) உயர்த்திப் பாடினாலே பல பாட்டுகள் நிலைத்துவிடும், விசித்திரம்தான்.

ஆர்கன் சேர்ந்தால் இரண்டு சிக்கல். முதலாவது வெப்பம்: காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் குழாய்களின் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஒத்திகைக்கும் கச்சேரிக்கும் இடையே 10 டிகிரி கூடினால் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே மற்ற கருவிகள்தான் ஆர்கனுக்கு இணங்க வேண்டும். இரண்டாவது தூரம்: பின்மாடத்து ஆர்கன் 25 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஓசை கொயரிடம் வர 0.07 நொடி ஆகும். அதைக் கேட்டுப் பாடினால், அந்தப் பாட்டு வாசிப்பவரிடம் திரும்பும்போது தாமதம் இரட்டிப்பாகியிருக்கும். அவர் கொயருக்காகக் காத்திருக்க, கொயர் அவருக்காகக் காத்திருக்க, பாட்டு இழுபடும். இரு தரப்பும் கேட்பதை விட்டுவிட்டு நடத்துனரின் கையைப் பார்க்க வேண்டும். வாசிப்பவருக்கு ஒரு கண்ணாடியோ சிறு கேமராவோ வையுங்கள்.

கச்சேரி நாளில் ஒத்திகை ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, அதுவும் அரைக்குரலில். எல்லாப் பாட்டின் முதல் நான்கு வரி, கடைசி நான்கு வரி, உள்ளே நடந்து வருவது, வெளியேறுவது, இவ்வளவுதான். அதன்பின் ஒரு மணி நேரம் தொண்டைக்கு ஓய்வு. காலியான ஆலயத்தில் கேட்டதை நம்பாதீர்கள்: உடுப்பும் உடம்பும் ஓசையை உறிஞ்சும், நிறைந்த ஆலயத்தில் எதிர்முழக்கம் குறையும். ஒத்திகையில் சரியாக இருந்த வேகம் மாலையில் மந்தமாகத் தோன்றும். நடத்துனர் கொஞ்சம் முடுக்கலாம். நிற்கும்போது முழங்காலை விறைத்துக்கொண்டால் தலைசுற்றி விழுவார்கள். வரிசைக்கு ஒரு நாற்காலி ஓரத்தில் இருக்கட்டும்.

பாட்டு முடிந்ததும் ஓசை அடங்கும்வரை நடத்துனர் கையை இறக்கக்கூடாது. அதுவரை அடுத்த பாட்டின் சுருதியும் கொடுக்கக்கூடாது. பழைய ஓசையில் கலந்து தவறாகக் காதில் விழும். கைதட்டல் நீண்டால் பாட ஒரு சிறு பாட்டு எல்லோருடைய கோப்பிலும் கடைசித் தாளாக இருக்கட்டும். ஒரு மணி நேரம் பாடிய சோப்ரானோக்களுக்கு அதில் உச்ச ஸ்வரம் வேண்டாம்.