‘அவன் சுபாவமே அப்படி’ என்று எழுதுவதற்கு முன்

கோலாலம்பூரில் மனநல ஆலோசகர் பயிற்சிக்கு வரும் புதியவர்களின் குறிப்புகளைப் படித்துத் திருத்துவதும் இப்போது என் வேலை. எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே தவறுகள், அதே இடங்களில் வருகின்றன. ரகசியம் காப்பது, இடைமறிக்காமல் கேட்பது எல்லாம் முதல் வாரப் பாடத்திலேயே வந்துவிடும், அதை விடுகிறேன். மற்றத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சுபாவம் என்று முத்திரை குத்துவது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதன் விலையை ஒரு பிள்ளை வருடக்கணக்கில் கொடுக்கிறது. செந்தூல் பக்கத்துப் பையன் ஒருவன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). தமிழ்ப்பள்ளியில் மேடையேறிப் பேச்சுப் போட்டியில் பேசியவன். இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் பேச்சு குறைந்தது, தூக்கம் கெட்டது, பந்து விளையாடப் போவதும் நின்றது. வீட்டில் ‘சோம்பேறி’, பள்ளியில் ‘பிடிவாதக்காரன்’. எங்களிடம் வந்தபோது எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) வருடம். அவனோடு ஒரு மணி நேரம் பேசிய புதிய ஆலோசகர் ‘ஒதுங்கிய சுபாவம், பொறுப்பு குறைவு’ என்று எழுதிவிட்டார். வெளியே அம்மா உட்கார்ந்திருந்தார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டதும், “ஃபார்ம் டூவுல இருந்துதாங்க, அதுக்கு முன்ன வீட்டுல வாயே மூடமாட்டான்” என்றார். மருத்துவர் பார்த்தார். மனச்சோர்வு. ‘எப்போதிலிருந்து?’ என்பது மூன்று வருடமாக யாரும் கேட்காத கேள்வி!

சுபாவம் என்பது பல வருடங்களாக, வீடு, பள்ளி, நண்பர்கள் என்று எல்லா இடத்திலும் ஓரளவு ஒரே மாதிரி தெரிவது. நோய்க்குப் பெரும்பாலும் ஒரு தொடக்கம் இருக்கும், அதற்கு முன் வேறொரு ஆள் இருந்திருப்பார். 2005-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வொன்று, வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று கணக்கிட்டது. 14 என்றால் நம் பிள்ளைகளுக்குப் படிவம் இரண்டு, அதாவது தமிழ்ப்பள்ளியை விட்டுப் புதிய மொழி, புதிய கூட்டம் என்று தடுமாறும் நேரம். அந்த வயதில் வரும் மாற்றத்தைத்தான் நாம் குணம் என்று சொல்லிக் கைகழுவுகிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சோர்ந்திருக்கும் ஒருவரிடம் ஆளுமைக் கேள்வித்தாளை நீட்டினால் கவலை மனப்பான்மை கூடுதலாகவும், பிறரோடு பழகும் ஆர்வம் குறைவாகவும்தான் வரும். குணமானபின் அதே தாளைக் கொடுங்கள், மதிப்பெண் மாறும். நோய் பேசியதை ஆள் பேசியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, நாள்பட்ட மனச்சோர்வு சிலருக்குச் சின்ன வயதிலேயே தொடங்கி, சுபாவம் போலவே ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே குடும்பத்தார் சொல்வதை மட்டும் நம்ப முடியாது, மருத்துவரிடம் அனுப்பத்தான் வேண்டும்.

‘முப்பதுக்கு மேல் யாரும் மாறமாட்டார்கள்’

மாறுவார்கள். பல வருடங்கள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 92 குழுக்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2006-இல் வந்த ஆய்வில், பொறுப்புணர்வும் மன நிதானமும் குறிப்பாக 20 முதல் 40 வயது வரை கூடுவதாகத் தெரிந்தது. அதற்குப் பிறகும் மாற்றம் நிற்பதில்லை.

எரிக்சனின் எட்டுக் கட்டங்களைக் கால அட்டவணையாக்குவது

வேண்டாம். மனித வளர்ச்சியை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த உளவியலாளர் அவர். அதை வைத்து, இந்த வயதில் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று யாரையும் அளக்காதீர்கள்.

பிள்ளை பெற்றவளின் மாற்றத்தைத் திமிர் என்பது

அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். குழந்தைக்கு எத்தனை வாரம் என்று முதலில் கேளுங்கள். அப்புறம் மாமியார் சொல்வதைக் கேட்கலாம்.

‘வயசானா அப்படித்தான்’

பணி ஓய்வு பெற்றபின் கோயில் பக்கம் போகாமல், தோழர்களைப் பார்க்காமல், மறதி, உடம்பு வலி என்று மட்டும் சொல்லும் தாத்தாவுக்கு மனச்சோர்வு இருக்கலாம். தைராய்டு குறைவும் இப்படிக் காட்டும், காது கேட்காமல் போனாலும் மனிதர் ஒதுங்கிவிடுவார். முதலில் அரசாங்க கிளினிக்கில் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சாவைப் பற்றிக் கேட்கத் தயங்குவது

கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. நேராகக் கேளுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் (HEAL) தொலைபேசி 15555. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.