புரண்டு படுத்தால் தலை சுற்றுகிறதா? எப்லி முறையைச் சரியாகச் செய்வது எப்படி

கட்டிலில் புரண்டதும் உத்தரமே சுழலும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பரணிலிருந்து போசி எடுக்க அண்ணாந்தாலும், அறுந்த தறி இழையை முடியக் குனிந்தாலும் திரும்ப வரும். கோவை, ஈரோட்டுப் பக்கம் இதைப் பித்தம் என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுப்பார்கள். பித்தத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. உள்காதில் ஒட்டியிருக்க வேண்டிய நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் பெயர்ந்து, பக்கத்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. தலையை அசைத்தால் அவை நகர்ந்து குழாயின் திரவத்தையும் அசைக்கும். தலை சுழல்வதாக மூளை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பின்புறக் குழாய்தான். அதிலிருந்து படிகங்களை வெளியே உருட்டிவிடும் வழியை அமெரிக்கக் காது மருத்துவர் ஜான் எப்லி 1992இல் விளக்கி எழுதினார்.

முதல் தடவை காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டி, எந்தக் காது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தலையை ஒரு பக்கம் திருப்பிச் சாயவைத்து, கருவிழி துடிப்பதைப் பார்த்தே சொல்லிவிடுவார். காது மாறினால் செய்தது வீண். கழுத்தெலும்புத் தேய்மானம் அதிகமுள்ளவர்களும், விழித்திரை விலகல் உள்ளவர்களும் வீட்டில் செய்யவே கூடாது.

கயித்துக் கட்டில் உதவாது. நடுவில் குழிவதால் தலை தோளைவிடத் தாழாது. மரக்கட்டிலோ பெஞ்சோ நல்லது. பவானி ஜமுக்காளத்தை நாலு விரல் உயரத்துக்கு மடித்து, படுக்கும்போது தோளுக்கடியில் வரும்படி வையுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். இனி சொல்வது வலது காதுக்கு. இடது என்றால் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

காலை நீட்டி உட்கார்ந்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்புங்கள். அந்தத் திருப்பம் மாறாமல் சட்டென மல்லாந்து படுங்கள். தலை சற்றுப் பின்னால் தொங்க வேண்டும். சில நொடியில் சுற்றல் வரும். பயந்து எழுந்துவிட்டால் படிகம் வந்த வழியே திரும்பிவிடும். பலருக்குப் பலிக்காமல் போவது இந்த இடத்தில்தான். கண்ணைத் திறந்து வைத்துப் பொறுத்திருங்கள். சுற்றல் நின்றபின் இன்னும் 30 நொடி அப்படியே கிடங்கள்.

அடுத்து, தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 பாகை திருப்பி 30 முதல் 60 நொடி. பிறகு உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும் அளவுக்குத் தலையைத் திருப்புங்கள், இதிலும் 30 முதல் 60 நொடி. கடைசியாக, முகவாயை நெஞ்சோடு ஒட்டியபடி, காலைத் தொங்கவிட்டு மெல்ல எழுந்து உட்காருங்கள். அந்த நொடியில் ஆளையே தள்ளிவிடுவதுபோல் ஓர் உலுக்கல் வரலாம். கூட இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் நடக்காதீர்கள்.

தினம் ஒரு வேளை, சுற்றல் இல்லாமல் ஒரு முழுநாள் போகும் வரை செய்யலாம். பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடும். ஒரு வாரமாகியும் தீராவிட்டால் படிகம் பக்கவாட்டுக் குழாயில் இருக்கலாம். அதற்கு உருளும் முறை வேறு, மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.

மாத்திரை எதுவும் படிகத்தை நகர்த்தாது. குமட்டல் கடுமையாக இருந்தால், பயிற்சிக்கு முன் போடும்படி ஸ்டெமெடில் போன்றதை மருத்துவர் தருவார். ஸ்டெமெடிலோ, தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசினோ ஓரிரு நாளுக்குத்தான். மாதக்கணக்கில் போட்டால் மூளை சமநிலையைத் திரும்பக் கற்பது தாமதமாகும். அப்பாரு, அமுச்சி வயது முதியவர்களுக்குக் கைநடுக்கமும் உடல் விறைப்பும் வரலாம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருப்பது இதனால்தான் ஆபத்து. தலைசுற்றலுக்குத் தரும் இன்னொரு மாத்திரையான பீட்டாஹிஸ்டினை ஆஸ்துமா, வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் போட வேண்டாம்.

படுக்கையில் அசையாமல் கிடந்தும் மணிக்கணக்கில் சுற்றினால், பேச்சு குழறினால், இரட்டையாகத் தெரிந்தால், ஒரு கை மரத்தால், திடீரென ஒரு காது கேட்காமல் போனால், நிற்கவே முடியாவிட்டால், எப்லி முறையைத் தொடாதீர்கள். உடனே 108.